போத்தலைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கப்பலேறலாமா?

பள்ளி விடுமுறை வந்தால் எங்கள் மலாக்காப் பக்கத்தில் இப்போது இரண்டு பேச்சுதான். ஒன்று பழனி, இன்னொன்று கப்பல். ஆயர் குரோவில் நெடுஞ்சாலை ஏறிவிட்டால் கிள்ளான் துறைமுகமும் எட்டும் தூரம், சிங்கப்பூரும் எட்டும் தூரம். சேமநிதிப் பணம் கைக்கு வந்த பெரியவர்கள், பிள்ளைகள் எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில் மூன்று நாள், நான்கு நாள் சொகுசுக் கப்பலில் போய்வருகிறார்கள். திரும்பி வந்தவர்கள் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து சொல்லும் கதைகளில் பாதி சாப்பாட்டைப் பற்றி. மீதிப் பாதி, கப்பலில் ஒரு கிளாஸ் வைன் என்ன விலை என்பதைப் பற்றி.

மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் கிராணியாக இருந்து ஓய்வுபெற்ற என் தாய்மாமா அந்தக் கதைகளைக் கேட்டு முன்னெச்சரிக்கையானவர். நாற்பதாவது கல்யாண நாளுக்குச் சிங்கப்பூரிலிருந்து கப்பல். நான்கு போத்தல் வைன், ஒரு விஸ்கி, எல்லாவற்றையும் கைலியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தார். “காசு கொடுத்து டிக்கெட் எடுத்தாச்சு. என் பெட்டியில என்ன இருந்தா அவனுக்கு என்னடா?”

பலருக்கும் இருக்கும் முதல் தவறான நம்பிக்கை அதுதான். கப்பல் டிக்கெட் பஸ் டிக்கெட் மாதிரி அல்ல, அது ஓர் ஒப்பந்தம். எதைக் கொண்டு ஏறலாம், எது கூடாது என்பது அதற்குள்ளேயே எழுதியிருக்கும். அதுவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ராயல் கரீபியன், கார்னிவல் போன்றவை, குடிக்கும் வயது வந்த ஆளுக்கு 750 மில்லிலிட்டர் வைன் ஒரு போத்தல் என்று விட்டுக்கொடுக்கின்றன. அதையும் ஏறும் நாளன்று, மூடி உடைக்காமல் கொண்டுவர வேண்டும். கைப்பையில் வைத்துக்கொள்வது உத்தமம். நார்வீஜியன் கப்பல்களில் வைனைக் கொண்டுபோகலாம், ஆனால் போத்தலுக்குப் போத்தல் கட்டணம் கட்ட வேண்டும். எம்.எஸ்.சி. கப்பல்களில் அதுவும் கிடையாது. விஸ்கி, பிராந்தி போன்ற கடுஞ்சரக்கை அநேகமாக எந்தப் பெரிய கப்பலும் உள்ளே விடுவதில்லை. பெட்டியில் மறைத்து வைத்தால் எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். பெட்டி அறைக்கு வராது, நீங்கள்தான் பெட்டியைத் தேடிப் போக வேண்டும்.

மாமாவின் விஸ்கி வீட்டோடு நின்றது. வைன் நான்கு இரண்டாகக் குறைந்தது. அத்தை குடிக்கமாட்டார், ஆனாலும் அவர் பேரில் ஒரு போத்தல் கணக்கு உண்டல்லவா?

அனுமதித்த போத்தலுக்கும் ஒரு கொக்கி இருக்கிறது. அறைக்குள் உட்கார்ந்து குடித்தால் பல கப்பல்களில் செலவில்லை. சாப்பாட்டுக் கூடத்துக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தால் கார்க்கேஜ் என்று ஒரு தொகை வாங்குவார்கள். மூடியைத் திறந்து கிளாஸ் கொடுக்கும் கூலி அது. 15 அமெரிக்க டாலர் என்பது பல இடங்களில் புழங்கும் தொகை, சில கப்பல்களில் அதற்கும் மேல்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? “குடிச்சிட்டு யாரும் கடல்ல விழுந்துடக் கூடாதுல்ல, பாதுகாப்புக்குத்தான்” என்பார்கள். அதுவும் ஒரு காரணம்தான், ஆனால் முதல் காரணம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. பெரிய கப்பல் கம்பெனிகளின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டிக்கெட்டிலிருந்து வருவதில்லை. ஏறிய பிறகு பார், சூதாட்டக்கூடம், கடை, கரைச்சுற்றுலா என்று பயணிகள் செய்யும் செலவிலிருந்து வருகிறது. டிக்கெட்டை மலிவாகக் கொடுத்துவிட்டு பாரில் பிடித்துக்கொள்கிறார்கள்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. டான் சே யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டு, நாட்டின் முதல் ரப்பர் தோட்டத்தைத் தொடங்கியது எங்கள் மாநிலத்தில்தான். ரப்பர் பரவிய இடமெல்லாம் லயம் வந்தது, கோயில் வந்தது, கள்ளுக்கடையும் வந்தது. தோட்டத்துக் கடையில் வாங்கிக் குடித்தால் சட்டப்படி சரி. காட்டோரத்தில் தானே சம்சு காய்ச்சினால் கைவிலங்கு. சம்பள நாளில் ஆபீஸ் வாசலில் வாங்கிய காசு பொழுது சாயும்முன் கள்ளுக்கடை வாசலில் இறங்கிவிடும். 1941இல் ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது இதனால்தான். சொகுசுக் கப்பலில் போகிறவர் விரும்பிப் போகிறவர், லயத்தில் இருந்தவருக்கு வேறு போக்கிடம் இல்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். ஆனால், வெளிச்சரக்கைத் தடுத்து உள்கடையில் விற்கும் யுக்தி ஒன்றேதான்.

அடுத்தது, நன்கு படித்தவர்களும் அடித்துச் சொல்லும் ஒன்று: “கடலுக்குப் போயிட்டா சுங்கமும் இல்ல, சட்டமும் இல்ல.” கப்பல் எந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிடுகிறதோ அந்த நாட்டுச் சட்டம் அதன் மேல்தளம்வரை கூடவே வருகிறது. ஒரு நாட்டின் ஆட்சிக்கடல் கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது 22 கிலோமீட்டர் சொச்சம். போர்ட் டிக்சனுக்குப் பக்கத்தில் இருந்தாலும் மலாக்காவுக்குச் சொந்தமான தஞ்சோங் துவானைத் தெரியும்தானே? அங்கிருந்து எதிரே இந்தோனேசியாவின் ரூப்பாட் தீவு சுமார் 38 கிலோமீட்டர். இந்தப் பக்கம் 22, அந்தப் பக்கம் 22. கூட்டிப் பாருங்கள், யாருக்கும் சொந்தமில்லாத நீர் என்று நடுவில் ஒரு முழம்கூட மிச்சமில்லை.

சுங்கம் கப்பலேறும் முன்பே தொடங்கிவிடுகிறது. நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான். சிங்கப்பூருக்குள் வரும் பயணிகளுக்கு மதுவில் வரிவிலக்கு உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த விலக்கு இல்லை. ஒரு போத்தலுக்கும் இல்லை. கார் துவாஸ் சோதனைச்சாவடியைத் தொடும்போது, அறிவித்து வரி கட்ட வேண்டிய பொருளாக அந்த வைன் ஆகிவிடுகிறது. ‘இங்கே விற்கப் போவதில்லை, நேரே கப்பலுக்குத்தான்’ என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

எவ்வளவு வரும்? வைனில் உள்ள சுத்த ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 88 சிங்கப்பூர் வெள்ளி தீர்வை. 13 விழுக்காட்டு வைன், 750 மில்லி போத்தல் என்றால் அதில் ஆல்கஹால் 97.5 மில்லி. ஆக 8 வெள்ளி 58 காசு. போத்தலின் விலை 20 வெள்ளி என்று வையுங்கள். விலையையும் தீர்வையையும் கூட்டி அதன்மேல் 9 விழுக்காடு ஜி.எஸ்.டி., இரண்டரை வெள்ளிக்குச் சற்று மேல். மொத்தம் 11 வெள்ளி சொச்சம். அறிவித்துவிட்டால் கதை அதோடு முடிந்தது. மறைத்துப் பிடிபட்டால் அபராதம் வேறு. இதன்மேல் கார்க்கேஜையும் போட்டுப் பார்த்தால், மலிவென்று ஜாசினில் வாங்கிய போத்தல் கப்பல் பாரின் விலையைத் துரத்திப் பிடித்துவிடும். மாமாவுக்கு இந்தக் கணக்கை எழுதியே அனுப்பினேன். கிராணி அல்லவா, ஒரு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் நம்பினார்.

திரும்பும்போதும் இதே மயக்கம். கப்பல் கடையில் தீர்வையில்லாமல் வாங்கிய போத்தலை அப்போதே கையில் தரமாட்டார்கள். கடைசி இரவு அல்லது இறங்கும் நாளில்தான் கிடைக்கும். நடுவில் ஒரு துறைமுகத்தில் இறங்கி வாங்கி வந்ததையும் படியேறும் இடத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். மலேசியாவுக்குள் வரும்போது வரியில்லாமல் விடுவது மொத்தம் ஒரு லிட்டர். வெளிநாட்டில் குறைந்தபட்ச நேரம் தங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதற்கு உண்டு. 750 மில்லி போத்தல் இரண்டென்றால் ஒன்றரை லிட்டர்.

“அந்தக் காலத்து ராஜுலாவில எவன் கேட்டான்?” என்று பெருமூச்சு விடும் தாத்தாக்களுக்கு ஒரு வார்த்தை. 1926இல் ஓடத் தொடங்கி 1973 வரை நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் நம்மை ஏற்றி இறக்கிய கப்பல் அது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு போன காலம். 1937இல் சேலத்தில் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு 1948க்குள் சென்னை மாகாணம் முழுக்கப் பரவிவிட்டது. 1971இல்தான் தளர்ந்தது. ஆக, ராஜுலா நாகப்பட்டினத்தில் நங்கூரம் போட்ட காலத்தில் இருபத்துச் சொச்சம் ஆண்டுகள், அது போய் நின்ற கரையே சொட்டுகூட அனுமதிக்காத கரை. கேட்கத்தான் கேட்டார்கள். கோடாலித் தைலத்தையும் கைலியையும் ஊருக்குக் கொண்டுபோன கதைகள் நிறைய வழங்குவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சரக்கைத் தண்ணீர் போத்தலில் ஊற்றி மூடியை மறுபடி ஒட்டும் வித்தை பழையது. அதற்காகவே கார்னிவல் கம்பெனி 2015இல் போத்தல் தண்ணீர் கொண்டுவருவதையே நிறுத்திவிட்டது. வயதைப் பற்றியும் ஒன்று: மலேசியாவில் மது வாங்க 2017 டிசம்பர் 1 முதல் 21 வயது ஆக வேண்டும். கப்பலின் வயது விதி புறப்படும் துறைமுகத்தைப் பொறுத்து மாறும். பதினெட்டு முடிந்த பேரன் பேரில் ஒரு போத்தல் கணக்கு எழுதுமுன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் கொண்டுபோகத்தான் வேண்டுமா? மகள் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தது, கல்யாண நாளுக்கென்று எடுத்து வைத்தது என்றால் கொண்டுபோங்கள், வரியும் கார்க்கேஜும் அதற்குத் தகும். விலை மிச்சம் பிடிக்க என்றால் வேண்டாம். வைன் எத்தனை வருடம் கிடந்தாலும் ருசி ஏறும் என்பதையும் நம்பாதீர்கள். கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை வாங்கிய ஓரிரு ஆண்டுகளில் குடிக்கச் செய்தவை. வைனுக்குப் பிடித்தது 12, 13 டிகிரிக் குளிர்ச்சி. அதை மலாக்கா வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் அரைநாள் போட்டால் வெந்துவிடும், கார்க் மேலே எழும்பி ஓரமாகக் கசியும். மாமாவின் இரண்டில் ஒன்று அப்படித்தான் போனது. வழியில் சாப்பிட நிறுத்தியபோது காரை வெயிலில் விட்டிருக்கிறார். மற்றதைக் கப்பலில் அறை பால்கனியில் உட்கார்ந்து குடித்தார்களாம். அத்தையும் ஒரு வாய் பார்த்தாராம், புளிக்குழம்பு மாதிரி இருக்கிறது என்றாராம்.

கடைசியாக, கடிதம் எழுதிக் கேட்ட ஒரு பெரியவருக்கு: கள்ளைப் போத்தலில் அடைத்துக் கொண்டுபோக முடியாது ஐயா. எந்தக் கம்பெனியும் விடாது என்பது ஒருபக்கம் இருக்கட்டும். பாளையிலிருந்து இறக்கிய கணமே புளிக்கத் தொடங்குகிற சரக்கு அது, இறுக்கி மூடினால் நுரை பொங்கி மூடியைத் தள்ளும். தள்ளாமல் தப்பித்தாலும் ஓரிரு நாளில் காடியாகிவிடும். ஊறுகாய் போடத்தான் ஆகும்.