அன்றாட வேலையில் மன நிறைவு



நம் சங்க நூலகத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் இளைஞர்களில் ஒருவர், நல்ல கம்பெனியில் நல்ல சம்பளத்தில் இருப்பவர், சில மாதங்களுக்கு முன் என்னிடம் கேட்டார்: "மாமா, முப்பத்தெட்டு வருஷம் ஒரே டிபார்ட்மென்ட்டில் இருந்தீர்களே, சலிக்கவில்லையா? எனக்கு மூன்று வருஷத்திலேயே வெறுத்துவிட்டது. காலையில் போகிறேன், ராத்திரி வருகிறேன். நடுவில் என்ன செய்தாய் என்று அம்மா போனில் கேட்டால் சொல்லத் தெரியவில்லை."

நின்றபடி பேசி முடிக்கிற விஷயமில்லை இது. அதனால் ஆசிரியரிடம் இரண்டு பக்கம் கேட்டு வாங்கி எழுதுகிறேன். ஊரை விட்டு வந்த குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் கனமானது. பெற்றோரை, வீட்டை, கோயில் திருவிழாவை எல்லாம் விட்டு நாம் இங்கே வந்தது உத்தியோகத்துக்காகத்தான். அந்த உத்தியோகமே வெறுமையாகப் போனால், எதற்காக வந்தோம் என்று மனம் கேட்க ஆரம்பிக்கும்.

சம்பளம் ஏறினால் நிறைவு தானே வரும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அமெரிக்காவில் ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியல் அறிஞர் 1950களில் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் ஏறத்தாழ 200 என்ஜினீயர்களையும் கணக்கர்களையும் சந்தித்து, வேலையில் மிகவும் மகிழ்ந்த சமயம் எது, மிகவும் நொந்துபோன சமயம் எது என்று கேட்டார். 1959இல் அது புத்தகமாக வந்தது. நொந்த கதைகளில் நிர்வாகத்தின் கெடுபிடியும் மேலதிகாரியின் குணமும் அதிகம் வந்தன. மகிழ்ந்த கதைகளில் ஒரு காரியத்தைச் செய்து முடித்ததும், அதை நாலு பேர் ஒப்புக்கொண்டதும், வேலையின் ருசியும் அதிகம் வந்தன. சம்பளத்தை அவர் முதல் வகையிலேயே சேர்த்தார். குறைந்தால் வருத்தம் வரும், சரியானால் வருத்தம் போகும், அத்தோடு சரி என்பது அவர் கட்சி. நல்லது நடந்தால் தன்னால் என்றும் கெட்டது நடந்தால் பிறரால் என்றும் சொல்வது மனித சுபாவம், அதை நம்பி முடிவு கட்டலாமா என்று இந்த ஆராய்ச்சியைக் குறை சொன்னவர்களும் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் பார்த்த வரையில் ஹெர்ஸ்பெர்க் சொன்னது பெரும்பாலும் பொருந்துகிறது.

இனி என் துறைக்கு வருகிறேன். சிவில் டிப்ளமா முடித்து, 1980களின் தொடக்கத்தில் பி.டபிள்யூ.ஐ. அப்ரன்டிஸாக ரயில்வேயில் சேர்ந்தேன். தண்டவாளப் பாதையைப் பராமரிக்கும் இன்ஸ்பெக்டர் வேலை அது. பின்னாளில் பெயரைச் செக்‌ஷன் என்ஜினீயர் என்று மாற்றினார்கள், வெயில் மாறவில்லை. பல வருஷங்கள் நாக்பூர்–இட்டார்சி பகுதியில் இருந்தேன். சென்னையிலிருந்து ஜி.டி. எக்ஸ்பிரஸிலோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ டில்லிக்குப் போன எல்லோரும் அந்தப் பாதையைக் கடந்திருப்பீர்கள். பேதூல் தாண்டி மராம்ஜிரி, தாராகோ வழியாக வண்டி மலையிறங்கும் இடம்.

எங்கள் வேலையில் ஒரு சங்கடம் உண்டு. பாலம் கட்டியவர் மகனை அழைத்துப் போய்ப் பாலத்தைக் காட்டலாம். பாதையைப் பராமரிப்பவர் எதைக் காட்டுவார்? வேலை சரியாக நடந்தால் எதுவுமே நடக்காது. வண்டி வரும், போகும். பிரயாணிகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். இப்படிப்பட்ட வேலையிலும் நிறைவு உண்டா என்பதை எனக்குக் காட்டியவர் ஒரு கீமேன்.

கீமேன் என்பவரை இந்திக்காரர்கள் சாபிவாலா என்பார்கள். கேங்கில் ஒருவர். தமக்கு ஒதுக்கிய தூரத்தைத் தினமும் நடந்து பார்ப்பது அவர் பொறுப்பு. போகும்போது ஒரு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு போவார், வரும்போது மற்றதைப் பார்த்துக்கொண்டு வருவார். தோளில் சுத்தியலும் ஸ்பேனரும், பையில் சிவப்பு, பச்சைக் கொடிகளும் டெட்டனேட்டர் வெடிகளும் இருக்கும். நான் சேர்ந்த காலத்தில் பல இடங்களில் வார்ப்பிரும்பு ஸ்லீப்பர்கள். கிலோமீட்டருக்கு ஆயிரத்துக்கும் மேல். தண்டவாளத்தை அவற்றோடு பிடித்து வைப்பது அடித்து இறுக்கிய இரும்புச் சாவிகள். வண்டிகளின் அதிர்ச்சியில் சாவி நழுவும். நேற்று இறுக்கியது இன்று தளர்ந்திருக்கும். சுத்தியலால் தட்டினால் இறுகிய சாவி கணீரென்று பேசும், தளர்ந்தது மந்தமாகப் பேசும். இப்போது கான்கிரீட் ஸ்லீப்பரும் எலாஸ்டிக் கிளிப்பும் வந்து அந்தச் சத்தம் குறைந்துவிட்டது. கையில் ஜி.பி.எஸ். கருவியும் கொடுக்கிறார்கள். அவர் எங்கே நடந்தார் என்று அது சொல்லும். என்ன பார்த்தார் என்று சொல்லாது.

நான் சொல்லும் பெரியவர் கோண்டு இனத்தவர், பேதூல் ஜில்லாக்காரர். ஒரு ஜனவரி விடியற்காலையில், கடுங்குளிரில் தண்டவாளம் சுருங்கி, அவர் எல்லையில் ஒரு தண்டவாளம் உடைந்திருந்தது. விதி இதுதான்: வண்டி வரும் திசையில் சிவப்புக் கொடியைக் காட்டிக்கொண்டே ஓட வேண்டும். 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர், 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று டெட்டனேட்டர் வைக்க வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் அந்தக் குளிரில் ஓடி வைத்தார். வண்டி நின்றது. சான்றிதழும் பணமும் கிடைத்தன. டிவிஷன் ஆபீசில் மாலை போட்டுப் படம் எடுத்தார்கள்.

ஒரு மாதம் கழித்து டிராலியில் போனபோது, இன்னும் அந்தச் சந்தோஷம் இருக்கிறதா என்று கேட்டேன். "சாஹேப், அன்றைக்குத் தண்டவாளம் குளிரில் தானாக உடைந்தது. கண்ணில் பட்டது, ஓடினேன். அதில் என் வேலை என்ன இருக்கிறது? என் வேலை அங்கே இருக்கிறது" என்று கேங் குடிசையின் சுவரைக் காட்டினார். சுவரில் கரிக்கட்டையால் வரிசையாகக் கோடுகள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் எல்லையில் தொந்தரவு தரும் இடங்களுக்கு ஆளுக்கொரு கோடு போல இடத்துக்கொரு கோடு: இந்த ஜாயின்ட்டில் போல்ட் நிற்பதில்லை, இந்த வளைவில் சாவி தினம் நழுவுகிறது, இங்கே மழையில் ஜல்லி சேறாகிறது. தானோ கேங்கோ ஓர் இடத்தைச் சரி செய்து, அது ஒரு வாரம் அப்படியே நின்றால், அந்தக் கோட்டின் குறுக்கே இன்னொரு கோடு. மழைக்காலம் முடிந்ததும் சுவரைச் சாணம் போட்டு மெழுகிவிட்டுப் புதிதாகத் தொடங்குவார். யாரும் சொல்லிச் செய்ததில்லை. எந்த ரிஜிஸ்டரிலும் அதற்கு இடமில்லை.

அந்தச் சுவரைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். 1970களில் ரிச்சர்ட் ஹாக்மன், கிரெக் ஓல்டம் என்ற இரு அறிஞர்கள், மனத்துக்குப் பிடித்த வேலைக்கு ஐந்து அம்சங்கள் உண்டு என்று வகுத்தார்கள். பலவகைத் திறமைக்கு இடம், ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்வது, அது பிறருக்குப் பயன்படுவது, செய்யும் முறையில் சுதந்திரம், செய்தது எப்படி இருக்கிறது என்று அந்த வேலையிலிருந்தே தெரியவருவது. முதல் நான்கும் பெரும்பாலும் மேலேயிருந்து வர வேண்டியவை. ஐந்தாவதை ஒருவர் ஓரளவு தாமே உண்டாக்கிக்கொள்ள முடியும். கரிக்கட்டை போதும்.

பிறகு 2011இல் தெரசா அமபைல், ஸ்டீவன் கிராமர் இருவரும் எழுதிய நூலைப் படித்தேன். ஏழு கம்பெனிகளில் 238 பேரைத் தினசரி டைரி எழுதச் சொல்லி, ஏறத்தாழ 12,000 குறிப்புகளைப் படித்தவர்கள் அவர்கள். ஒருவருக்கு வேலையில் நல்ல நாளாக அமைவது எது என்று பார்த்தால், அர்த்தமுள்ள வேலையில் சிறிதாவது முன்னேறிய நாள்தான். அந்த முன்னேற்றம் மிகச் சிறியதாக இருந்தாலும் பலிக்கிறது. ஆனால் மேலாளர்களைக் கேட்டபோது இதைக் கடைசியில் வைத்தார்களாம். எனக்கு ஆச்சரியமில்லை.

நான் என் பங்குக்கு ஒரு பாக்கெட் நோட்டு வைத்தேன். பாதை நீண்ட பற்றவைப்புத் தண்டவாளமாக மாறிய பிறகு அதன் தேவை கூடியது. பழைய பாதையில் 13 மீட்டருக்கு ஒரு ஜாயின்ட். வெயிலில் தண்டவாளம் நீள அங்கே இடைவெளி இருக்கும். நீண்ட தண்டவாளத்தின் நடுப்பகுதி நீள முடியாது. நீள வேண்டிய ஆசையெல்லாம் அழுத்தமாக உள்ளேயே அடங்கிக் கிடக்கும். 60 கிலோ தண்டவாளத்தில் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் சுமார் 1.9 டன். நிர்ணயித்த வெப்பநிலைக்கு மேல் 20 டிகிரி போனால் ஒவ்வொரு தண்டவாளத்திலும் சுமார் 38 டன், கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல். அதற்கு மேல் ஏறினால் வெயில்கால ரோந்து ஆட்கள் நடக்க வேண்டும். பாதை பக்கவாட்டில் வளைந்துவிடாமல் தாங்குவதில் ஸ்லீப்பரின் ஓரத்தில் குவித்த ஜல்லிக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த ஜல்லியை ஆடுமாடும் ஆட்களும் கடந்து கடந்து சரித்துவிடுவார்கள். மே மாதத்துக்குள் அதை நிரப்பி முடிப்பது பெரும்பாடு.

என் நோட்டில் இரவு சாப்பாட்டுக்கு முன் ஒரே வரி: இன்று எந்த இடம் நேற்றைவிட நன்றாயிற்று. "ஆம்லா பக்க வளைவில் வெளிப்புற ஜல்லி நிரம்பியது." "புதிய மேட் கேஜ் தானே சரியாகப் பார்த்தார்." சில நாள் வரி இருக்காது, நாள் முழுக்க மீட்டிங் என்றால் நிச்சயம் இருக்காது. என் பதவி உயர்வு ஒரு முறை சில வருஷங்கள் தள்ளிப்போனது. அந்த வருத்தத்தை இந்த நோட்டு ஆற்றவில்லை. அது வேறு கணக்கு, அதற்கு மனுப் போட்டுத்தான் தீர வேண்டியிருந்தது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மன நிறைவைப் பற்றிப் பேசுகிறவர்களில் சிலர், தொழிலாளிக்கு நிறைவு இருக்கிறதே, மழைக்கோட்டு எதற்கு என்கிற இடத்தில் போய் நிற்பார்கள். பனிமூட்டத்தில், எதிர்ப்பாதையில் வரும் வண்டி சத்தம் கேளாமல், உயிரை விட்ட பாதைத் தொழிலாளர்கள் உண்டு. நல்ல ஷூவும் போதிய ஆளும் நேரத்துக்கு ஓய்வும் கொடுத்துவிட்டுத்தான் அவர்களிடம் ஆத்ம திருப்தியைப் பற்றிப் பேச வேண்டும்.

நூலக இளைஞரின் வேலை இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்கான கம்ப்யூட்டர் வேலை. ஒரு திரையின் ஒரு மூலையை மூன்று வருஷமாகத் திருத்துகிறார். அந்தத் திரையை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். தெரியாது என்றார். கண்டுபிடியுங்கள் என்றேன். விசாரித்ததில், கிளை ஆபீசில் உள்ள கிளார்க்குகள் ஒரே பாலிசி எண்ணை இரண்டு தரம் டைப் செய்கிறார்கள் என்று தெரிந்ததாம். அதை ஒரு தரமாக்க அனுமதி வாங்கினார். பெரிய விஷயமில்லைதான். அந்த வாரம் அம்மாவுக்குப் போனில் சொல்ல ஒன்று இருந்தது என்றார்.

வீட்டில் இருப்பவர்கள் இதில் உதவலாம். "ஆபீஸ் எப்படி?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லை" என்றுதான் பதில் வரும். "இன்றைக்கு எதை முடித்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். அதே கேள்வியை வீட்டு வேலை முழுவதையும் சுமக்கும் மனைவியிடமும் கேட்க வேண்டும். அவர் வேலையும் பாதை வேலை மாதிரிதான். சரியாக நடந்தால் யார் கண்ணிலும் படாது.

மூன்று மாதம் நோட்டு எழுதியும் பக்கங்கள் காலியாகவே இருந்தால், மேலதிகாரியிடம் போய், என் வேலை எங்கே போய்ச் சேருகிறது என்று காட்டுங்கள் எனக் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் வேறு வேலை தேடுவதில் தப்பில்லை. புதிய இடத்தில் நேர்முகத்துக்குப் போகும்போது, நான் செய்வதை யார் உபயோகிப்பார்கள், அது நன்றாக இருந்ததா என்று எனக்கு எத்தனை நாளில் தெரியும் என்று முதலில் கேளுங்கள். சம்பளத்தை அடுத்ததாகக் கேளுங்கள், கேட்காமல் வந்துவிடாதீர்கள்.