காற்றும் ஒரு டோபண்ட்தான்

அன்புள்ள தம்பிக்கு,

கார்பன் நானோகுழாய் ஃபிலிமை டோப் செய்து, வில்லியனூர் சுடுமண் சூளைகளில் வீணாகும் சூட்டிலிருந்து கரண்ட் எடுக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். ஊர்க்காரனாக எனக்குச் சந்தோஷம். ஆனால் ஃபிலிமைச் சூளையின் வாய்ப்பக்கம் கொண்டுபோகாதே. பாலிமர் டோபண்ட் அங்கே கருகிவிடும். 500 டிகிரி வாக்கில் நானோகுழாயே காற்றில் எரிந்துபோகும். வெளிச்சுவரில் நூறு டிகிரிக்குக் கீழே இருக்கும் பகுதிதான் உனக்கு ஏற்றது.

கீழடிப் பானைகளின் கரும்பூச்சில் நானோகுழாய் இருப்பதாக வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் எழுதினார்களே, அதை வைத்து ஆய்வேட்டின் முதல் பக்கத்தை நிரப்பவும் வேண்டாம். பெருமைப்படலாம், தப்பில்லை. உன் சீபெக் குணகம், அதாவது ஒரு டிகிரி வித்தியாசத்துக்குக் கிடைக்கும் வோல்டேஜ், அதனால் ஒரு மைக்ரோவோல்ட்கூட ஏறாது.

நீ டோபண்ட் பாட்டிலைத் திறக்கும் முன்பே உன் ஃபிலிம் டோப் ஆகியிருக்கிறது. செய்தது காற்றிலுள்ள ஆக்சிஜன். 2000இல் பெர்க்லியில் அலெக்ஸ் ஸெட்டில் குழுவினர் நானோகுழாய்களை வெற்றிடத்தில் சூடாக்கி ஆக்சிஜனை விரட்டியபோது, சீபெக் குணகத்தின் குறியே பிளஸிலிருந்து மைனஸுக்கு மாறியது. அதனால் டோப் செய்யாத ஃபிலிமை முதலில் ஒழுங்காக அளந்து வை. பிறகு வரும் எண்கள் எல்லாம் அதை வைத்துத்தான் பொருள்படும்.

காற்று இருக்கும்வரை பி-வகை (சீபெக் பிளஸ்) தானாக வந்துவிடும். பாடு எல்லாம் என்-வகையில்தான் (சீபெக் மைனஸ்). பாலிஎத்திலீன்இமைனை எத்தனாலில் கரைத்து ஃபிலிமை முக்கினால், அமைன் எலக்ட்ரானைக் கொடுத்துக் குறியை மாற்றும். வகையை உடனே பார்க்க சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் போதும். சிவப்பு முனையைச் சூடாக்கி ஃபிலிமில் வை, கறுப்பு முனையைக் குளிர்ந்த ஓரத்தில் வை. இப்படி வைத்தால் மீட்டரின் குறி சீபெக் குறிக்கு நேரெதிராக வரும்: மில்லிவோல்ட் மைனஸில் வந்தால் பி, பிளஸில் வந்தால் என்.

பிளஸ் வந்த கையோடு கொண்டாடிவிடாதே. அந்தப் பாலிமர் கரண்டைக் கடத்தாது. அதிகமானால் குழாய்க்கும் குழாய்க்கும் நடுவே புகுந்து தடையைக் கூட்டும், ஃபிலிமும் வீங்கும். சீபெக் குணகத்துக்குத் தடிமன் தேவையில்லை, கடத்துதிறனுக்குத் தேவை. முக்குவதற்கு முன் எடுத்த தடிமனையே பின்னும் போட்டால் கடத்துதிறன் தாளில் மட்டும் உயர்ந்திருக்கும். அழகான பவர் ஃபேக்டர்கள் (சீபெக்கின் இருமடியைக் கடத்துதிறனால் பெருக்கியவை) பல இப்படிப் பிறந்தவை என்பது என் சந்தேகம். ஃபிலிமை ஒடித்து, ஒடிந்த ஓரத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துத் தடிமனை எடு.

டோப்பிங் கூடக்கூடக் கடத்துதிறன் ஏறும், சீபெக் இறங்கும். பவர் ஃபேக்டரில் சீபெக் இருமடியாக வருவதால் உச்சம் நடுவில் எங்கோ இருக்கும். அந்த உச்சத்தின் இரண்டு பக்கமும் புள்ளிகள் வேண்டும். ஒரே செறிவில் நிறுத்திவிடாதே.

இன்னொன்று, ஃபிலிமைச் சுவரில் போஸ்டர் மாதிரி ஒட்டிவிடாதே. அத்தனை மெல்லிய பொருளில் முன்பக்கமும் பின்பக்கமும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும். கீற்றாக வெட்டு. ஒரு நுனி சுவரைத் தொடட்டும், மறுநுனி காற்றில் நீட்டிக்கொண்டிருக்கட்டும். நுனிகளுக்கிடையே 30 டிகிரி கிடைத்து, டிகிரிக்கு 50 மைக்ரோவோல்ட் என்றால் ஒரு கீற்றுக்கு 1.5 மில்லிவோல்ட்தான். பி, என் மாற்றி மாற்றி நூறு ஜோடி கோத்தால் 300 மில்லிவோல்ட். 20 மில்லிவோல்ட்டிலேயே வேலையைத் தொடங்கும் பூஸ்டர் சிப் இருக்கிறது, வோல்டேஜ் பிரச்சினை இல்லை. சில்வர் பேஸ்ட் போட்ட இருநூறு கீற்றுகளின் தொடர்புத் தடைதான் சம்பாதித்ததைத் தின்னும். அதைத் தனியாக அளந்து எழுது.

கடைசியாக, நம் ஊர் ஈரம். அதில் என்-வகை நிலைக்குமா என்பதே கேள்வி. கிரவுன் ஈதர் உப்புகளால் காற்றில் நிலைக்கும் என்-வகையை ஜப்பானின் நாரா ஆய்வாளர்கள் 2016இல் காட்டினார்கள். அதையும் ஒரு வரிசையாக வைத்துக்கொள். இரண்டு வரிசைக்கும் புரட்டாசியிலேயே முதல் அளவை எடுத்துவிடு. மூடாமல் வெளியில் வை. அதே கீற்றுகளைக் கார்த்திகையில், பாகூர் ஏரி நிரம்பும் மழைக்கு நடுவே, மறுபடி அளந்து இரண்டு எண்களையும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்