வசந்தன் ஆட்டம்: ஊர் சுற்றி ஆடும் சிறுவர்



மட்டக்களப்பின் ஆடல்கள் பற்றி வினா வந்தால், “வசந்தன் என்பது கோலடித்து ஆடும் ஆட்டம்” என ஒரு வரியில் பலர் முடித்துவிடுகின்றனர். இது சரியே. ஆயினும் யார் ஆடினர், எங்கே ஆடினர், ஏன் சிறுவர் ஆடினர் என்பவற்றையும் எழுதினாலே விடை நிறைவுபெறும்.

1. இடமும் காலமும்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கம் எழுவான்கரை, மேற்குப் பக்கம் படுவான்கரை எனப்படும். இப்பிரதேச ஊர்களில் வைகாசிப் பூரணையை ஒட்டிக் கண்ணகி அம்மன் சடங்கு நடைபெறும். கதவு திறத்தலுடன் தொடங்கும் இச்சடங்கு குளிர்த்தியுடன் நிறைவுறும். இக்காலத்தில் கோயில் வீதியில் வசந்தன் ஆடுவது மரபு.

2. ஆடும் முறை

(அ) ஆடுவோர் சிறுவரும் இளைஞரும் ஆவர். பொதுவாகப் பன்னிருவர் ஆடுவர். சோடி சேர்ந்து கோலடிப்பதால் தொகை இரட்டை எண்ணாக அமையும்.
(ஆ) கோல்களை ஏந்தி வட்டமாக நின்று, குனிந்தும் நிமிர்ந்தும் திரும்பியும் பக்கத்தவரின் கோலில் அடித்து ஆடுவர்.
(இ) அண்ணாவியார் மத்தளம் அடித்துப் பாட்டை நடத்துவார். தாளமும் சேர்ந்து ஒலிக்கும்.
(ஈ) பிள்ளையார், அனுமான், வேளாண்மை வெட்டு முதலியன பாடுபொருள்களாகும்.

தமிழ்நாட்டுக் கோலாட்டம், சிங்கள மக்களின் லீ கெளி, குஜராத்தின் தாண்டியா என்பனவும் கோலடித்து ஆடுபவையே. ஒப்பிட்டு எழுதும் வினாவுக்கு இவை உதவும்.

3. வீட்டுக்கு வீடு

கோயிலில் ஆடிய பின்னர் பிள்ளைகள் அண்ணாவியாருடன் ஊர்வலமாக வீடு வீடாகச் சென்று முற்றங்களில் ஆடும் வழக்கமும் உண்டு. வீட்டார் நெல், தேங்காய், பணம் எனத் தம்மால் இயன்றதைக் கொடுப்பர். பெரியோர் ஆடும் வடமோடி, தென்மோடிக் கூத்துகளிலும் அரங்கேற்றத்தின் பின் வீட்டுக்கு வீடு ஆடுதல் என்ற கட்டம் உண்டு. கோயிலுக்கு வர இயலாத முதியோரும் நோயாளரும் இதனால் ஆட்டத்தைக் காண்கின்றனர். ஊரும் தன் பிள்ளைகளை அறிந்துகொள்கிறது.

4. சிறுவரின் பங்கு

தாளத்துக்குக் காலெடுத்து வைக்கவும், கூட்டாகப் பாடவும், பிறர் முன் கூச்சமின்றி நிற்கவும் வசந்தன் பழக்குகிறது. இங்கு பழகிய பிள்ளை வளர்ந்து கூத்தராகிறான். அவர்களுள் சிலர் அண்ணாவியாராகின்றனர். ஆகவே வசந்தனைக் கூத்தின் பாலர் வகுப்பு எனலாம்.

5. ஏடும் ஆட்டமும்

தி. சதாசிவ ஐயர் 1940இல் ‘மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு’ நூலைப் பதிப்பித்தார். பண்டிதர் வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இல் வெளிவந்தது. இத்தகைய நூல்களால் பாடல்களும் மரபுச் செய்திகளும் அழியாது நின்றன. எனினும் ஓர் அடவில் கால் எங்கே விழ வேண்டும், கோல் எப்போது திரும்ப வேண்டும் என்பதை ஏட்டைப் படித்துப் பழக முடியாது. அதை ஆடத் தெரிந்தவரே கற்பிக்க வேண்டும்.

2009 வரை நீடித்த போர், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, 2007இல் படுவான்கரை மக்கள் இடம்பெயர்ந்தமை ஆகியவற்றால் ஊர் கூடிப் பழகும் வாய்ப்புகள் தடைப்பட்டன. ஒரு தலைமுறைச் சிறுவர் பழகாது விட்டால், அடுத்த தலைமுறைக்குக் காட்டிக் கொடுக்க ஆளில்லாமற் போகும். ஒருவரின் கோல் தவறினால் பக்கத்தவரின் தாளமும் தவறுவது போன்றதே இதுவும்.

6. மாதிரி வினா

வினா: வசந்தன் ஆட்டத்தைப் பேணுவதில் சிறுவரின் பங்கு யாது?

விடைக் குறிப்பு:
• சடங்குக் காலத்தில் ஆடி மரபைத் தொடர்தல்.
• வீடு வீடாகச் சென்று ஆட்டத்தை ஊர் முழுவதற்கும் உரியதாக்கல்.
• நூலில் அடங்காத அடவையும் தாளத்தையும் உடலிற் சுமந்து அடுத்த தலைமுறைக்குக் கையளித்தல்.

மூன்றாவது குறிப்பைக் கட்டாயம் விரித்து எழுதுங்கள்.

பயிற்சி: உங்கள் ஊரில் வசந்தன் ஆடிய முதியவர் ஒருவரிடம் ஒரு பாட்டைக் கேட்டு எழுதுங்கள். பின்னர் அதற்குரிய அடவையும் ஆடிக் காட்டும்படி கேளுங்கள். அவரோடு சேர்ந்து ஒருமுறை ஆடியும் பாருங்கள். பரீட்சை முடிந்த பின்னும் அது உங்களிடம் இருக்கும்.