விதை விற்றால் வழக்கு வருமா? சட்டத்தை நாமே வாசிப்போம்

எந்த விதைத் திருவிழாவுக்குப் போனாலும் இந்தக் கேள்வி காதில் விழும்: "சார், நம்ம விதையை நாமே வித்தா கேஸ் போடுவாங்களாமே?" பக்கத்துல நிற்கிறவர், "ஆமா, குஜராத்துல போட்டாங்களே" என்பார். இன்னொருத்தர், "அதெல்லாம் வாபஸ் ஆயிடுச்சு" என்பார். சட்டத்தில் என்ன எழுதியிருக்கு என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

வங்கி வேலையில் சட்டப் பிரிவுகளோடு மாரடித்த பழக்கம் எனக்கு இப்போது வயலில் உதவுகிறது. அதனாலோ என்னவோ, விவசாயம் பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகச் சட்டம் படிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வக்கீலாக வேண்டும் என்றால் அஞ்சல் வழி எல்.எல்.பி. உதவாது, பார் கவுன்சில் அதை ஏற்காது, கல்லூரிக்கு நேரில்தான் போகணும். பட்டதாரிகளுக்குப் பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி சுற்றுச்சூழல் சட்டம், அறிவுசார் சொத்துரிமை போன்றவற்றில் தொலைநிலைப் பட்டயம் நடத்தி வருகிறது. விருப்பமுள்ளவர்கள் சேரலாம்.

நம்மில் பெரும்பாலோருக்கு இந்த இரண்டுமே தேவையில்லை. நாலைந்து சட்டங்கள், அவற்றிலும் சில பிரிவுகள் தெரிந்தால் போதும். மத்திய அரசின் 'இந்தியா கோட்' இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஊரில் ஆங்கிலம் தெரிந்த ஒரு பிள்ளையை உட்கார வைத்து, நாலு பேராகச் சேர்ந்து வாரம் ரெண்டு சாயங்காலம் வாசியுங்கள்.

வாசிக்க ஒரு முறை இருக்கு. முதலில் பிரிவு 2-ஐப் பாருங்கள். சொற்களுக்குச் சட்டம் தரும் பொருள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அடுத்து நமக்கு வேண்டிய பிரிவு. அதன் கடைசியில் 'ஆனால்' என்று ஒரு வரி வருகிறதா என்று தேடுங்கள். கொடுத்ததைப் பிடுங்குவது அந்த வரிதான். கடன் பத்திரத்திலும் அப்படித்தானே!

பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001-ஐ எடுத்துக்கொள்வோம். இதில் 'உழவர்' என்றால் யார்? தானே உழுகிறவர், நேரடியாக மேற்பார்வை செய்து சாகுபடி செய்கிறவர், பாரம்பரிய ரகங்களைக் காப்பாற்றி வைத்திருப்பவர் எல்லோரும் அதில் அடக்கம். இப்போது பிரிவு 39(1)(iv). கம்பெனி பதிவு செய்து பாதுகாப்பு வாங்கிய ரகமாகவே இருக்கட்டும், அதன் விளைச்சலை, விதை உட்பட, உழவர் சேமிக்கலாம், விதைக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பகிரலாம், விற்கலாம். இந்தச் சட்டம் வருவதற்கு முன்னால் எப்படிச் செய்தாரோ அப்படியே செய்யலாம்.

பிறகு அந்த 'ஆனால்' வருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை 'பிராண்டட் விதை'யாக விற்கக் கூடாது. அதாவது, பையில் போட்டு, இது இன்ன பாதுகாக்கப்பட்ட ரகம் என்று தெரியும்படி லேபிள் ஒட்டி விற்கக் கூடாது. தடை அவ்வளவுதான்.

இதை வைத்துக்கொண்டு குஜராத் கதையைப் பாருங்கள். எஃப்.எல். 2027 என்ற சிப்ஸ் உருளைக்கிழங்கு ரகத்தை அனுமதியில்லாமல் பயிரிட்டதாகச் சொல்லி, 2019-இல் பெப்சிகோ நிறுவனம் உழவர்கள் மீது வழக்குப் போட்டது. நாலு பேரிடம் ஆளுக்கு 1 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு கேட்டது. உழவர் அமைப்புகள் பிரிவு 39-ஐக் கையில் எடுத்தன, எதிர்ப்பு பெருகியது, அந்த மே மாதமே வழக்கு வாபஸ் ஆனது. கவிதா குருகண்டி கொடுத்த மனுவின் பேரில் 2021 டிசம்பரில் அந்த ரகத்தின் பதிவே ரத்தானது. 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு அந்த ரத்தை நீக்கியது. "அப்போ நாம தோத்துட்டோமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வழக்கு பதிவைப் பற்றியது. பதிவு இருந்தாலும் பிரிவு 39 தரும் உரிமை அப்படியேதான் இருக்கு.

இதோடு வாசிக்க வேண்டியது விதைச் சட்டம், 1966. அரசு அறிவிக்கை செய்த ரகங்களின் விற்பனையை அது கட்டுப்படுத்துகிறது. பிரிவு 24 ஒரு விலக்குத் தருகிறது. தான் விளைவித்த விதையை, தன் சொந்த இடத்தில் வைத்து, விதைக்கப் போகிறவருக்கே நேரடியாக ஒருவர் விற்றால் இந்தச் சட்டம் அவரைத் தொடாது. 'சொந்த இடத்தில்' என்ற சொல்லைக் கோடு போட்டு வையுங்கள். திருவிழாக் கடை நம் சொந்த இடம் ஆகுமா? ஆகாது என்றுதான் நான் வாசிக்கிறேன். அங்கே விற்பது அறிவிக்கை செய்த ரகமா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. விதை விற்பனையையே தொழிலாக நடத்தும் குழுக்களும் உற்பத்தியாளர் கம்பெனிகளும் 1983-ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணையையும் பார்க்க வேண்டும். அதில் உரிமம் கேட்கிறது.

பழைய வங்கிக்காரன் என்பதால் கடன் பற்றியும் ரெண்டு வரி. சர்ஃபேசி சட்டம், 2002-இன் கீழ் நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை வங்கி எடுக்க முடியும். விவசாய நிலத்துக்கு அது செல்லாது, பிரிவு 31(i). உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908, பிரிவு 60-இன்படி, பிழைப்புக்குத் தேவை என்று நீதிமன்றம் கருதும் மாட்டையும் விதை தானியத்தையும் ஜப்தி செய்ய முடியாது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமே விதைநெல்லைத் தொடவில்லை, பாருங்கள்!

காசு கொடுத்து வாங்கிய விதை முளைக்காமல் போனால்? தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில், விதை வாங்கும் உழவரும் நுகர்வோர்தான் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சோதனைக்கு மாதிரி விதை எங்கே என்று கம்பெனி கேட்டதற்கு, வாங்கியதை எல்லாம் விதைத்துவிடுகிற உழவர் மாதிரி எடுத்து வைத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது என்றும் சொல்லிவிட்டது. அதற்காக அசட்டையாக இருந்துவிட வேண்டாம். பில், லாட் எண்ணோடு காலிப் பை, வயலின் படம், வேளாண் அலுவலர் நேரில் பார்த்து எழுதிய அறிக்கை, நாலும் கையில் இருக்கட்டும். நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். விதைக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நாமே பேசலாம்.