காரை வீடும் பக்கத்துப் பட்டாசு ஆலையும்

கேள்வி: தாத்தா கட்டிய காரை வீடு, மாட்டுத் தொழு, குலுக்கை, கமலைக் கிணறு என்று தோட்டத்தில் எல்லாம் அப்படியே கிடக்கின்றன. இடிக்காமல், அண்ணன் தம்பி மூவரும் குடியிருக்கும்படி மாற்ற முடியுமா? சற்றுத் தள்ளி ஒரு பட்டாசு ஆலை இருக்கிறது.
– வாசகர், சாத்தூர் வட்டம்

பதில்: மாற்றலாம். ஆனால் கொத்தனாரைக் கூப்பிடும் முன் அந்த ஆலையைக் கவனியுங்கள். 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி, ஆலைக்கும் குடியிருப்புக்கும் இடையே விட வேண்டிய தூரம் அங்கே இருக்கும் மருந்தின் அளவுக்கேற்ப மாறும். வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறைக்குச் சிவகாசியிலேயே அலுவலகம் உண்டு, எழுதிக் கேளுங்கள். நிலம் புன்செய் என்றிருந்தால் நகர் ஊரமைப்புத் துறையிடம் நில உபயோக மாற்றத்தையும் விசாரியுங்கள்.

வீட்டுக்கு உண்மையான எதிரி கரிசல் மண்தான். ஐப்பசி மழையில் உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கிப் பிளக்கும். நிலைவாசல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல் இருந்தால், அதன் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டைச் சிமெண்டில் பதித்து, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பாருங்கள். கண்ணாடி உடைந்தால் அஸ்திவாரம் இன்னும் அசைகிறது. பொறியாளர் பார்க்காமல் மேலே கை வைக்கக் கூடாது. புதிதாகக் கட்டும் குளியலறைச் சுவரைப் பழைய சுவரோடு பிணைக்காதீர்கள், இடைவெளி விடுங்கள்.

சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்டுப் பூச்சு ஆகாது. ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, பூச்சு பாளம் பாளமாக உரியும். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்துக் குழைத்த சுண்ணாம்புச் சாந்தே சரி. செலவும் நாளும் கூடத்தான் ஆகும். தொழுவின் பனங்கைகளில் சுவருக்குள் புதைந்த முனைகளை ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். கறையான் அங்கேதான் தொடங்கும். வைரம் பாய்ந்தவை இன்னொரு தலைமுறைக்கும் தாங்கும்.

தண்ணீருக்குக் கூரையும் நல்ல ஆதாரம். நம் மாவட்டத்தில் ஆண்டு மழை சுமார் 800 மி.மீ.; 100 சதுர மீட்டர் கூரையில் அது 80,000 லிட்டர். சேதாரம் போக மீதியை வடிகட்டித் தொட்டிக்கும் கிணற்றுக்கும் விடுங்கள். சுவரோரம் தேங்கினால் கரிசல் சும்மா இராது. குலுக்கையை இடிக்க வேண்டாம், அதன் தடித்த சுவருக்குள் சாமான் அறை நன்றாக அமையும்.

வேலை முடியும்வரை தொழு காலியாகக் கிடக்கும். பட்டாசு வைக்கவோ கருந்திரி சுற்றவோ யாராவது வாடகைக்குக் கேட்டு வருவார்கள். எவ்வளவு கொடுத்தாலும் விடாதீர்கள்.