கீலைப் பார்த்து வாங்கு

இடையஞ்சாவடி.



மருமகனே, உள்ளங்கையில் அடங்கும் அந்த மஞ்சள் பொம்மைக் காரும், அதனோடு நீ எழுதிய கடிதமும் வந்து சேர்ந்தன. புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய பூட்டுகளுக்கும் ஒலிநாடாக்களுக்கும் நடுவே அதைக் கண்டெடுத்த உன் மகிழ்ச்சியும், சேகரிப்பவர் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டதும் உனக்கு உண்டான கலக்கமும் எழுத்திலேயே தெரிகின்றன. என்ன விலை பெறும் என்று கேட்டிருக்கிறாய். விலையோ ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறுவது. ஆகையால், இத்தகைய வஸ்துவைப் பரீட்சிக்கும் முறையைச் சொல்லிவைப்பதே உனக்கு அதிகப் பிரயோஜனமாயிருக்கும் என்று கருதுகிறேன்.

முதலில் அதன் பூர்வோத்தரத்தை அறிந்துகொள். ஜப்பானிலே டகாரா என்னும் நிறுவனம் 1980-இல் டயாகுளோன் என்றும், 1983-இல் மைக்ரோ சேஞ்ச் என்றும் உருமாறும் பொம்மைகளை வெளியிட்டது. அவ்விரண்டிலிருந்தும் தேர்ந்தெடுத்தவற்றை அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1984-இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற பெயரில் உலகத்துக்குக் கொண்டுவந்தது. மைக்ரோ சேஞ்ச் வரிசையின் கற்பனை, வீட்டில் கிடக்கும் சாமான்களே தம் மெய்யான அளவில் மனித ரூபம் கொள்ளும் என்பது. ஆகவே அதில் வந்த கார், நிஜக் காரைச் சுருக்கியதன்று. விளையாட்டுக் கார் ஒன்று அப்படியே எழுந்து நிற்பது. பம்பிள்பீ என்று பெயர் பெற்ற உன் ஃபோக்ஸ்வாகன் வண்டுக் கார் குட்டையாகவும் உப்பலாகவும் இருப்பதை நீ குறை என்று எழுதியிருக்கிறாய். அதுவே அதன் குலத்தின் அடையாளம். அது மஞ்சளில் மட்டுமன்றிச் சிவப்பிலும் விற்பனைக்கு வந்தது; சிவப்பைக் கண்டால் சாயம் பூசியது என்று அவசரப்பட்டு ஒதுக்கிவிடாதே.

இனி பரீட்சைக்கு வருவோம். காலூன்றி நிற்கிற பொம்மையை முகத்தைப் பார்த்து மதிப்பிடலாம். உருமாறும் பொம்மையையோ, ஓர் உருவத்திலிருந்து மற்றோர் உருவத்துக்குச் செல்லும் அந்த வழியில்தான் மதிப்பிட வேண்டும். வண்டி வாங்கச் செல்லும் குடியானவன் சாயத்தையும் மணியையும் பார்த்து மயங்காமல், சக்கரத்தை இரு கையாலும் பிடித்து ஆட்டி, கடையாணியில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பான். நீயும் அவ்வண்ணமே ஒவ்வொரு மூட்டையும் மெள்ளத் திருப்பி, விரல் விட்ட இடத்தில் கை நிற்கிறதா, தன் பாரத்தால் தொங்கிவிடுகிறதா என்று பார். வளைத்த இடத்தில் நகக்கீறல் போல வெண்கோடு தோன்றியிருந்தால், பிளாஸ்டிக் ஏற்கெனவே களைத்துவிட்டது. இன்னும் நாலைந்து முறை திருப்பினால் முறியக்கூடும். காராக மடித்தபின் இடுக்குகள் சரியாகச் சேர்கின்றனவா என்று விளக்கு வெளிச்சத்தில் பார். சேராவிட்டால், உள்ளே ஏதோ உறுப்பு கோணியிருக்கிறது, அல்லது வேறொரு பொம்மையின் உறுப்பு குடியேறியிருக்கிறது. பொன்னிறத் துகள் கலந்து வார்த்த பிளாஸ்டிக் மூட்டு எதிர்ப்பட்டால் மட்டும் திருப்பவே திருப்பாதே. எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும் வந்த சில பொம்மைகளில் அது, பெட்டியைவிட்டு வெளியே வராமலிருந்தாலும், உள்ளுக்குள் உளுத்து, தொட்டதும் ரொட்டியைப்போல உதிரும்.

நம் கரைக்கு மட்டும் உரிய ஆபத்து ஒன்று உண்டு. மரக்காணத்தில் உப்பளப் பாத்திகளுக்கு அருகே நான் கடிகாரக் கடை வைத்திருந்த காலத்தில், மேடான ஊர்களில் பல வருஷம் ஓடும் கடிகாரம் இங்கே சில மழைக்காலங்களிலேயே நின்றுபோவதைக் கண்டிருக்கிறேன். உப்புக்காற்றிலே வருவது வெறும் ஈரமன்று. அதிலுள்ள உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, எஃகை அணு அணுவாகத் தின்கிறது. இந்தப் பொம்மையின் பிளாஸ்டிக்குக்கு உப்பினால் கேடில்லை. ஆனால் மூட்டுக்குள் மறைந்திருக்கும் ஊசியும், முதுகிலுள்ள திருகாணியும் எஃகு. துரு ஏறிய ஊசி பருத்து, தன்னைச் சூழ்ந்த பிளாஸ்டிக்கை உள்ளிருந்து பிளந்துவிடும். ஆதலால் இக்கரையில் கிடைத்த பொம்மையென்றால், திருகாணியின் தலையையும் ஊசியின் நுனியையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்காமல் பணம் கொடுக்காதே.

அசல், போலி என்பது அதற்கடுத்த விஷயம். உடம்பில் வார்த்திருக்கும் ஆண்டைக் கண்டு பலரும் ஏமாறுகிறார்கள். அது உரிமை பதிந்த ஆண்டேயன்றிச் செய்த ஆண்டன்று. பிற்காலத்து மறுவெளியீட்டிலும் அதே ஆண்டு இருக்கக்கூடும். போலி செய்வோர் பெரும்பாலும் அந்த எழுத்தை அழித்துவிடுவார்கள்; அழித்த இடம் மட்டும் சற்று மழமழவென்றிருக்கும். 1985 முதல் ஹாஸ்ப்ரோ, விரலால் தேய்த்தால் சூட்டில் சின்னம் தெரியும் ஒட்டியை அசலுக்கு அடையாளமாக ஒட்டியது. முதல் ஆண்டுப் பொம்மையில் அதைத் தேடி ஏமாறாதே. புதிதாக வாங்குவதற்கு நம் நாட்டிலே 1-1-2021 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்பதையும் நினைவில் வை. வெளிநாட்டுச் சரக்கே உயர்ந்தது என்றும் எண்ணாதே: எம்.ஆர்.எஃப்.பும் ஹாஸ்ப்ரோவும் கூடி 1987-இல் தொடங்கி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபன்ஸ்கூல் வார்த்த ஜி.ஐ. ஜோ பொம்மைகளை, மூலத்தில் இல்லாத நிறங்களில் வந்தவை என்பதற்காகவே இன்று கடல் கடந்த சேகரிப்போர் தேடி வாங்குகிறார்கள்.

பெட்டி பிரிக்காத பொம்மைக்கே அதிக விலை என்பது வாஸ்தவந்தான். ஆனால் ஒரு குழந்தையும் திருப்பிப் பாராத பொம்மையின் மூட்டு நல்லதென்று எவர் சாட்சி சொல்ல முடியும்? விளையாடிய தேய்மானம் சமமாகவும், உறுப்புகள் யாவும் தன்னுடையனவாகவும் உள்ள பொம்மையையே நான் மேலாக மதிக்கிறேன்.

உன்னுடையதைப் பற்றி என் அபிப்பிராயம்: எழுத்து அழிக்கப்படவில்லை, வலக்கை கெட்டியாக நிற்கிறது, இடக்கை மஞ்சள் ஒரு சாயல் வெளிறியிருப்பதால் வேறொன்றிலிருந்து வந்தது, அதன் ஊசியில் துரு ஏறத் தொடங்கியிருக்கிறது. கேட்கிறவரிடம் இடக்கையின் இந்த இரண்டு குறைகளையும் மறைக்காமல் சொல்லி, அதன்பிறகு விலை பேசு. நீ வரும்வரை பொம்மை என்னிடமே இருக்கட்டும். மூட்டுகளுக்கு இழுவை இல்லாதபடி பாதி விரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வைத்திருக்கிறேன். அந்த இடக்கை ஊசியை எப்படிக் கழற்றுவது என்று நீ வந்ததும் காட்டுகிறேன்.