கடவுச்சொல் கணக்கு

போன இதழில் கணக்கு பற்றி ஒருத்தரும் எழுதவில்லை என்று டீச்சர் வருத்தப்பட்டாங்க. அதனால் இது கணக்குப் பாடம். பயப்படாதீங்க, பெருக்கல் மட்டும்தான்.

ஏ.டி.எம். அட்டைக்கு நாலு இலக்க ரகசிய எண் உண்டு. 0000 முதல் 9999 வரை 10×10×10×10 = 10,000 எண்கள். திருடன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க முடியாது, மூணு தடவை தப்பானால் அட்டை முடங்கிவிடும். ஆனால் அந்த 10,000-ஐ நாமே குறைச்சுக் கொடுத்துடறோம். பிறந்த வருஷத்தை வைத்தால் 1950 முதல் 2015 வரை 66 எண்தான். பிறந்த தேதியும் மாதமும் என்றால் 366. 1234 என்றால் ஒண்ணே ஒண்ணு!

நாலு இலக்கம் ஏன் தெரியுமா? 1967-ல் லண்டனில் ஒரு வங்கியில் பணம் தரும் இயந்திரம் வைத்தவர் ஜான் ஷெப்பர்ட் பாரன். நம்ம நாட்டு ஷில்லாங்கில் பிறந்தவர். ஆறு இலக்கம் வைக்கத்தான் நினைத்தாராம். அவர் மனைவி நாலுதான் ஞாபகம் இருக்கும் என்று சொன்னதால் நாலாக்கிவிட்டாராம்.

எங்க அம்மா வைத்திருந்தது நான் பிறந்த வருஷம். அட்டைக்கும் அதுதான், போன் பூட்டுக்கும் அதுதான். எப்பவும் நான்தான் கூடப் போய் பட்டனை அமுக்குவேன். போன வருஷம் பொங்கலுக்கு முன்னாடி எனக்குப் பரீட்சை, அம்மா தனியாகப் போனாங்க. பின்னாடி நின்ற ஒருத்தரிடம் அட்டையைக் கொடுத்து எண்ணையும் சொல்லியிருக்காங்க. அவர் "மிஷின்ல பணம் இல்லம்மா" என்று சொல்லி, அதே மாதிரி வேற அட்டையைக் கையில் கொடுத்துட்டார். உரிமைத்தொகையில் நாலு மாசம் சேர்த்த 4000 ரூபாய் போச்சு. உடனே 1930-க்குப் போன் பண்ணணும் என்பது எங்களுக்குத் தெரியாது. மறுநாள்தான் வங்கிக்கே போனோம்.

நான் கோபப்பட்டேன். அம்மா கேட்டாங்க, "எனக்கு அமுக்கத் தெரியாதே, சொல்லாம எப்படிப் பணம் எடுக்கறது?" எனக்குப் பதில் வரலை. வாயால் சொல்லிவிட்டால் 66-ல் ஒண்ணும் சரி, 10,000-ல் ஒண்ணும் சரி, எல்லாம் ஒண்ணுதான். நான் கணக்குப் போட்டேனே தவிர அம்மாவுக்குச் சொல்லித் தரவே இல்லை.

பஸ் நம்பர் படிக்கிறவங்களுக்கு எண் தெரியாதா என்ன? பழைய கால்குலேட்டரை வைத்து ஒரு வாரம் பழகினோம். அட்டைக்கு ஒரு எண், போன் பூட்டுக்கு ஒண்ணு, போனில் பணம் அனுப்ப இன்னொண்ணு. நமக்குப் பணம் வருவதற்கு ரகசிய எண்ணே போட வேண்டாம், யாராவது போடச் சொன்னால் ஏமாத்து என்றும் சொன்னேன்.

என்னுடைய இ-மெயிலுக்கு எண் வைக்கவில்லை, எழுத்து வைத்தேன். ஆங்கிலச் சின்ன எழுத்து எட்டு என்றாலே 20,000 கோடிக்கு மேல் வகை வரும் (26-ஐ எட்டுத் தடவை பெருக்கிப் பாருங்க). அதற்காகப் பெயரை வைக்கக் கூடாது. "செவலமாடுரெண்டுகன்னு" மாதிரி நீளமாக வைத்தால் மறக்காது. இதையே வைக்காதீங்க, பள்ளிக்கூடமே படிச்சாச்சு.

இப்போ அம்மா தனியாகவே பணம் எடுக்கறாங்க. போனில் எண்ணை அமுக்கும்போது என்னையும் திரும்பி நிக்கச் சொல்றாங்க.